கடைவாயில் ஒரு கண்

நேயர்களுக்கு வணக்கம். கும்பகோணம், பாபநாசம் பக்கத்துக் கொடிக்கால்களிலிருந்து வரும் கொழுந்து வெற்றிலையின் பெருமையை உங்களுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. வெற்றிலையின் மீது எனக்குப் பகை ஏதும் இல்லை என்பதை முதலிலேயே தெரிவித்துவிடுகிறேன். வாய்ப் புற்றுநோயைப் பற்றிப் பல் மருத்துவர் பேச வந்தாலே கொடிக்கால்காரர்கள் முகம் சுளிப்பதை நான் அறிவேன். வம்பெல்லாம் அதனுள் மடிக்கும் பாக்கிலும் புகையிலையிலும் இருக்கிறது. ‘புகையிலையைத் தொடுவதில்லை, வெறும் சீவல்தான்’ என்று ஆறுதல் கொள்பவர்கள் பலர். புகையிலை சேராத தாம்பூலமும், பாக்கு மட்டுமே கூட, புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004ஆம் ஆண்டிலேயே வெளியிட்டுவிட்டது.

நடவு வேலைக்குச் செல்லும் ஓர் அம்மாள் என்னிடம் வந்து, “கடைவாய்ப் பல்லு கன்னத்தைக் கிழிக்குது ஐயா, கொஞ்சம் ராவி விட்டுடுங்க” என்று கேட்டார். விடியற்காலையில் வயலில் இறங்கும்போது கன்னத்தில் ஒதுக்கும் புகையிலையை, பசி தெரியாமல் இருப்பதற்காக, நண்பகல் வரை அங்கேயே அடக்கிவைத்திருப்பது அவர் வழக்கம். பல்லில் ஒரு குறையும் இல்லை. புகையிலை உட்காரும் அதே இடத்தில், துணியால் துடைத்தாலும் போகாத வெள்ளைத் திட்டும், அதன் ஓரத்தில் சிவப்பும் தெரிந்தன. கண்ணாடியைக் கையில் கொடுத்துக் காட்டினேன். “வலிக்கவே இல்லையே!” என்றார். நேயர்களே, அந்தச் சொல்லைத்தான் நான் பணிக்காலம் முழுவதும் கேட்டுவருகிறேன். தொடக்கத்தில் வாய்ப் புற்றுநோய் பெரும்பாலும் வலிப்பதில்லை. வலிக்கும்வரை காத்திருப்பவர் நல்ல காலத்தைக் கைநழுவ விடுகிறார். அந்த அம்மாளுக்கு அது புற்றுநோயாக மாறியிருக்கவில்லை; திட்டை அகற்றியதோடு முடிந்தது. பிறகு அவர் தம் நடவுக் கூட்டத்துப் பெண்கள் அனைவரையும் மினி பேருந்தில் ஏற்றிவந்து, என் முன்னிலையில் ஒவ்வொருவரையும் வாய் திறக்கச் செய்தார். எந்த விளம்பரப் பலகையும் செய்யாத வேலை அது.

வாய்க்குள் பார்ப்பதற்குப் பெரிய கருவி தேவையில்லை. கேரளத்தில் பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகச் சென்று வாயைக் கண்ணால் பார்த்தே சோதித்ததில், புகையிலையோ மதுவோ பழகியவர்களிடையே வாய்ப் புற்றுநோய் மரணங்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தன என்று 2005இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆகவே, மாதம் ஒரு முறை வெளிச்சத்தில் நின்று கன்னத்தின் உட்புறம், ஈறு, நாக்கின் ஓரம், நாக்கின் அடி ஆகியவற்றைப் பாருங்கள். இரண்டு வாரத்திற்கு மேல் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, தடிப்பு, காரணமின்றி ஆடும் பல் ஆகியவற்றில் எது தென்பட்டாலும், வலிக்காவிட்டாலும், மருத்துவரிடம் காட்டுங்கள். ரசத்தின் காரம்கூட எரிகிறது, மூன்று விரல்களை அடுக்கி நுழைக்கும் அளவுக்கு வாய் திறக்கவில்லை என்றால், பாக்கினால் கன்னத்துச் சதை இறுகத் தொடங்கியிருக்கலாம். பாக்கை அன்றே நிறுத்த வேண்டும்.

சிகிச்சையைப் பற்றி விரிவாகச் சொல்ல எண்ணியிருந்தேன். நிலையத்தார் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். ஒன்று மட்டும்: சதையைக் கிள்ளிப் பரிசோதித்தால் நோய் பரவிவிடும் என்று திண்ணையில் பேசுவதை நம்பி, அந்தச் சோதனைக்கு மறுத்துவிடாதீர்கள். வணக்கம்.