கடைசி ஓவரில் கை ஏன் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை?

[காட்சி: வெள்ளவத்தையில் ஒரு ஒழுங்கை. டென்னிஸ் போல் மெச், கடைசி ஓவர்.]

எட்டு ஓட்டம் அடித்தால் எதிரணிக்கு வெற்றி. பந்து போடப் போகிறவன் பின்னேரம் முழுக்க யோக்கராகவே, அதாவது அடிக்கிறவன் காலடியிலேயே குத்துகிற பந்தாகவே, போட்டுத் தள்ளியவன். இப்போது சுற்றி நிற்கிற எல்லாரும் கத்துகிறார்கள்: "டேய், கையை நேரா வை, காலைப் பார்த்து வை, டென்ஷன் ஆகாதே!" போட்டான். ஃபுல் டொஸ். சிக்ஸ்.

அவனைத் திட்டாதீர்கள். கத்தினவர்களுக்கும் இதில் பங்கு இருக்கு.

முதலில் இந்த டென்ஷன். நெஞ்சு படபடக்கும், உள்ளங்கை வியர்க்கும், அது உடம்பு தயாராகிற அடையாளம்தான். 1908இல் யேர்க்ஸ், டொட்சன் என்ற இருவர் சுண்டெலிகளுக்கு மின்னதிர்ச்சி கொடுத்துப் பார்த்தார்கள். வேலை சுலபம் என்றால் அதிர்ச்சி கூடக்கூட எலி சீக்கிரம் கற்றுக்கொண்டது, வேலை கஷ்டம் என்றால் நடுத்தர அளவுதான் சரிப்பட்டது, அதைத் தாண்டினால் தடுமாற்றம். எலியிடம் பார்த்ததை அப்படியே விளையாட்டு வீரர்கள் தலையில் கட்டுவது எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது. ஆனாலும் பாரம் தூக்குகிறவருக்குத் தேவைப்படுகிற படபடப்பு குறிபார்த்துச் சுடுகிறவருக்கு ஆகாது என்பது சரிதானே? ஆளுக்கு ஆளும் அந்த அளவு மாறும்.

[காட்சி: கூம்புகளுக்கு நடுவே பந்தை உருட்டிப் போகும் கால்கள்.]

சரி, இனித்தான் முக்கியமான இடம். 2002இல் வெளியான ஆய்வு ஒன்றில் உளவியலாளர் சியன் பைலொக் குழுவினர் உதைபந்தாட்டக்காரர்களைக் கூம்புகளுக்கு நடுவே பந்தை உருட்டிப் போகச் சொன்னார்கள், போகும்போதே பாதத்தின் எந்தப் பக்கம் பந்தில் படுகிறது என்று கவனிக்கவும் சொன்னார்கள். புதிதாகப் பழகுகிறவர்களுக்கு அது உதவியது. கைதேர்ந்தவர்களோ, பழகிய வலது காலிலேயே மெதுவாகிப் போனார்கள்!

காரணம் இதுதான்: நன்றாகப் பழகிய அசைவு தானாக ஓடும், அதைத் துண்டு துண்டாகப் பிரித்து நாமே நடத்தப் போனால் ஓட்டம் அறுந்துவிடும். "கையை நேரா வை" என்பது நேற்றுப் பழக வந்தவனுக்கு நல்ல பாடம், பழகியவனுக்குக் கடைசி ஓவரில் அதுவே வினை. 2010இல் காலி மைதானத்தில் முரளிதரன் தன் கடைசி டெஸ்டில் 799 விக்கெட்டோடு நின்றபோது, யாராவது போய் "மணிக்கட்டை இப்படித் திருப்புங்க" என்று சொல்லியிருப்பார்களா?

அப்போ என்னதான் சொல்வது? கவனத்தை உடம்பிலிருந்து வெளியே எடுத்து வையுங்கள்: "ஸ்டம்பின் அடியைப் பார்", அவ்வளவு போதும். அப்புறம், ஒவ்வொரு பந்துக்கும் முன்னால் ஒரே ஒழுங்கு: மூச்சை மெதுவாக விட்டு, பந்தை ஒரு தடவை கையில் சுழற்றி, குறியைப் பார்த்து ஓடத் தொடங்குவது. மெச் அன்றைக்குப் புதிதாகத் தொடங்கினால் இது வேலை செய்யாது, பயிற்சியிலேயே ஊற வேண்டும்.

இன்னொன்று, பயிற்சியிலும் கொஞ்சம் படபடப்பு இருக்கட்டும். கடைசி ஓவர், எட்டு ஓட்டம் என்று பந்தயம் வையுங்கள், பார்க்க நாலு பேரைக் கூப்பிடுங்கள், தோற்கிற பக்கம் எல்லாருக்கும் பிளேன்டீ வாங்கிக் கொடுக்கட்டும்.