ஆறு அங்குலம்

(தண்டையார்பேட்டையில் ஒரு வாசகர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மாமன்ற உறுப்பினர் அம்மையார் அவர்களே, வேலைநாளிலும் நேரம் ஒதுக்கி வந்திருக்கும் பொறியாளர் அவர்களே, எனக்கு ஆறாம் வகுப்பில் தமிழ் கற்பித்து, இன்று எண்பதைக் கடந்தும் என் பிழைகளைக் குறித்துக்கொள்ளக் கையில் குறிப்பேட்டுடன் வந்திருக்கும் என் ஆசிரியர் ஐயா அவர்களே, நாற்காலிகளையும் ஒலிபெருக்கியையும் வாடகை வாங்காமல் தந்திருக்கும் பந்தல்காரர் அவர்களே, தாய்மார்களே, நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம். பந்தல்காரரைக் குறிப்பிடாமல் விட்டால் அடுத்த கூட்டத்துக்கு நாற்காலி வராது என்று செயலாளர் முன்பே எச்சரித்திருக்கிறார். அம்மையார் அவர்களுக்கு, எங்கள் தெருவிளக்குகள் எரிவதற்காகத் தனியே ஒரு நன்றி. பொறியாளர் அவர்களைப் பற்றி இப்போது எதுவும் சொல்லப்போவதில்லை. கடைசிவரை இருந்து கேட்பதாக வாக்களித்திருக்கிறார், அதைக் கெடுத்துக்கொள்ள எனக்கு விருப்பமில்லை.

பெருநகர வாழ்வில் நடைக்கு உள்ள இடம் என்பது எனக்குத் தரப்பட்ட தலைப்பு. நடைபாதையின் உயரம், நிழல், சாலையைக் கடப்பது ஆகிய மூன்றையும் பேசுவேன் என்று அழைப்பிதழிலும் அச்சிட்டுவிட்டார்கள். என் பாட்டி ஒரு பழமொழியை நாளுக்கு நான்கு முறையாவது சொல்வார்: ஆழம் தெரியாமல் காலை விடாதே. கடன் வாங்குபவருக்கும் சம்பந்தம் பேசுபவருக்கும் சொன்ன அந்த அறிவுரையை, வடசென்னையில் மழைநாளில் தெருவில் இறங்குகிற ஒவ்வொருவரும் சொல்லுக்குச் சொல் கடைப்பிடிக்க வேண்டிய காலம் வரும் என்று அவர் நினைத்திருக்க மாட்டார்.

இது நடந்தே வளர்ந்த ஊர். வள்ளலார் எழுகிணறு வீராசாமிப் பிள்ளை தெருவில் குடியிருந்த காலத்தில், திருவொற்றியூருக்கு நடந்தே சென்று வடிவுடையம்மனை வழிபட்டுத் திரும்புவார் என்பது இங்குள்ள குழந்தைகளுக்கும் தெரியும். போவதற்கு ஏழெட்டுக் கிலோமீட்டர், வருவதற்கு அதே அளவு. ஓர் இரவு நேரங்கழித்து வந்து, அண்ணியாரை எழுப்ப மனமில்லாமல் பசியோடு திண்ணையில் படுத்துவிட்டவருக்கு, அம்மனே அண்ணி வடிவில் வந்து சோறிட்டாள் என்ற கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். பக்தர்கள் அம்மனின் கருணையை வியப்பார்கள். நானும் வியக்கிறேன், ஆனால், அவ்வளவு தூரத்தை இருட்டில் ஒருவர் இடறி விழாமல் நடந்து வந்திருக்கிறார் என்பதும், களைத்து வந்தவர் படுக்க வாசலில் ஒரு திண்ணை இருந்திருக்கிறது என்பதும் எனக்கு அதைவிடக் குறைந்த வியப்பாகத் தெரியவில்லை.

இப்போது என் பெரியப்பாவின் கதையைச் சொல்ல வேண்டும். சற்று நீளமானது, தலைவர் பொறுத்தருள வேண்டும்.

பெரியப்பா பெரம்பூர் லோகோவில், அதாவது இரயில் எஞ்சின் பணிமனையில், வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். ஓய்வூதியம் வாங்குகிறவர்கள் தாம் உயிரோடு இருப்பதாக ஆண்டுதோறும் நவம்பர் மாதத்தில் சான்று கொடுக்க வேண்டும். பன்னிரண்டு மாதங்களில் நவம்பரைத் தேர்ந்தெடுத்தவர் சென்னையில் ஒரு மழைக்காலமும் இருந்து பார்க்காதவர் என்பது என் கருத்து. வீட்டிலிருந்து வங்கி நானூறு மீட்டர். ஆட்டோக்காரர்கள், "இவ்ளோ கிட்டவா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்கள். இரண்டு நாள் மழை விட்டிருந்த ஒரு காலையில், அவர் ஒரு கையில் ஊன்றுகோலும் மறுகையில் என் தோளுமாகப் புறப்பட்டார். நான் எண்ணிக்கொண்டே நடந்தேன். அந்த நானூறு மீட்டரில் பதினொரு முறை நடைபாதையில் ஏறி, பதினொரு முறை இறங்கினோம். ஒரு வீட்டு வாசலில் வண்டி ஏற்றுவதற்காக நடைபாதையை உடைத்துச் சரிவு போட்டிருந்தார்கள். அடுத்ததில் மின்சாரப் பெட்டி குறுக்கே நின்றது. அதற்கடுத்ததில் யாரோ வீடு கட்டுகிற மணல். ஏழாவது இறக்கத்தில் ஒரு டீக்கடைக்காரர் பெஞ்சைத் துடைத்துப் பெரியப்பாவை உட்காரவைத்து, காசு வாங்காமல் டீ கொடுத்தார். நடைபாதைக் கடைகளைப் பழிப்பவர்களோடு நான் சேராததற்கு அந்த டீயும் ஒரு காரணம்.

ஒன்பதாவது இறக்கத்தில் வடிகாலை மூடும் சிலாப் இல்லை. சாலையும் வடிகாலும் ஒரே மட்டத்தில் செம்மண் நிறத் தண்ணீராகக் கிடந்தன. பெரியப்பா நின்றார். ஊன்றுகோலை மெல்லத் தண்ணீருக்குள் இறக்கினார். இறங்கியது, இன்னும் இறங்கியது, கைப்பிடிவரை இறங்கியது. பிறகு கையைவிட்டே போய்விட்டது. மனைவி சங்கிலியாரைப் பிரிந்து திருவொற்றியூர் எல்லையைத் தாண்டியபோது கண்ணிழந்த சுந்தரருக்கு, திருவெண்பாக்கத்தில் இறைவன் ஊன்றுகோல் கொடுத்தான் என்பது வரலாறு. அவருக்கு எல்லையைத் தாண்டிய பிறகு கோல் கிடைத்தது. எங்கள் பெரியப்பாவுக்கு எல்லைக்குள்ளேயே கோல் போய்விட்டது. அவர் கலங்கவில்லை. "ஆழம் தெரிஞ்சுபோச்சு தம்பி. கோல்தானே போச்சு, காலை விடலையே" என்றார். என் பாட்டியிடம் வளர்ந்த பிள்ளை அல்லவா!

வங்கியில் கைரேகைக் கருவி அவர் விரலை ஏற்கவில்லை. ஆயுள் முழுதும் இரும்போடு உராய்ந்த விரல். வேறு சான்று ஏதேனும் உண்டா என்று அங்கிருந்த இளைஞர் பணிவாகத்தான் கேட்டார். பெரியப்பா முழங்கால்வரை நனைந்திருந்த வேட்டியைக் காட்டி, "அந்தத் தெருவுல நானூறு மீட்டர் நடந்து வந்து நிக்கிறேன். உயிரோட இருக்கேன்னு இதைவிட என்ன சான்று வேணும்?" என்றார். தை மாதம் தூர்வார வந்தவர்கள் அந்தக் கோலை எடுத்து டீக்கடையில் சாத்திவைத்தார்கள். இன்றும் அதே கோலோடுதான் நடக்கிறார்.

நடைபாதைக்கு இவ்வளவு உயரம் எதற்கு என்று கொத்தனார் ஒருவரிடம் கேட்டேன். "இது சமமட்டமான பூமி, வடிகாலுக்கு வாட்டம், அதாவது தண்ணீர் ஓடுகிற சரிவு, கிடைக்காது, வாட்டத்துக்காகச் சுவரைத் தூக்கிக் கட்டுவோம்" என்றார். அந்தச் சுவரின் மேல் சிலாப், சிலாப்பின் மேல் ஓடு. அதற்கு நடைபாதை என்று பெயர். ஆக, நம் ஊரில் நடைபாதை என்பது வடிகாலின் மூடியே தவிர வேறில்லை. அதன் உயரத்தைத் தண்ணீர் முடிவு செய்கிறது, மனிதனின் முழங்கால் முடிவு செய்வதில்லை. மறுபுறம், பழைய தாரின் மேலேயே புதிய தாரைப் போட்டுப் போட்டுச் சாலை உயர்ந்ததால், வாசற்படிகள் பள்ளத்துக்குப் போய்விட்டன. பழைய பரப்பைச் சுரண்டி எடுத்த பிறகே புதிய தார் போட வேண்டும் என்று 2021 மே மாதம் அன்றைய தலைமைச் செயலாளர் இறையன்பு அவர்கள் எழுத்துமூலம் அறிவுறுத்தினார். நல்ல உத்தரவு.

விதிகளுக்கும் குறைவில்லை. இந்தியச் சாலைப் பேராயத்தின் 2012-ஆம் ஆண்டு வழிகாட்டுதல், நடைபாதையின் உயரம் 150 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது என்றும், தடையின்றி நடக்கக் குறைந்தது 1.8 மீட்டர் அகலம் வேண்டும் என்றும் சொல்கிறது. 150 மில்லிமீட்டர் என்பது நம் கணக்கில் ஆறு அங்குலம். சென்னை மாநகராட்சி 2014-இல் ஏற்றுக்கொண்ட மோட்டார் அல்லாத போக்குவரத்துக் கொள்கை, போக்குவரத்துக்கான நிதியில் குறைந்தது 60 விழுக்காட்டை நடப்பவர்களுக்கும் மிதிவண்டிக்காரர்களுக்கும் செலவிட வேண்டும் என்கிறது. 2019 நவம்பரில் பாண்டி பஜாருக்கு அகன்ற நடைவெளி கிடைத்தது. மகிழ்ச்சி, நானும் போய் நடந்து பார்த்தேன். 2021 பிப்ரவரி 14 முதல் மெட்ரோ இரயில் விம்கோ நகர்வரை ஓடுகிறது. நிலையத்துக்குள் மின்தூக்கியும், பார்வையற்றோர் காலால் உணர்ந்து நடக்கும் புடைப்பு ஓடுகளும் உண்டு. வெளியே வந்து பத்தடி நடந்தால், மறுபடியும் ஆழம் தெரியாமல் காலை விடாதே. கால்நடை என்ற சொல்லுக்கு மாடு என்று மட்டுமே பொருள் என எங்கோ முடிவாகிவிட்டது போலும்.

நிழலைப் பற்றி: மரம் வேண்டும், அதன் அடியைச் சிமெண்டால் பூசக்கூடாது. துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகளின் நடுவே சாலையைக் கடப்பது பற்றியும் பேசக் குறிப்பெடுத்து வந்தேன். தலைவரிடமிருந்து இரண்டாவது துண்டுச்சீட்டு வந்துவிட்டது. முதல் சீட்டை நான் படிக்கவில்லை என்பதை அவரும் கவனித்திருக்கிறார்.

ஆகவே நேராக வேண்டுகோளுக்கு வருகிறேன். வாயிலருகே மேசையில் ஒரு மனு இருக்கிறது. மேம்பாலமோ சுரங்கப்பாதையோ அதில் கேட்கவில்லை. மெட்ரோ நிலையத்திலிருந்து நம் கடைத்தெருவரை இனிப் போடுகிற நடைபாதை ஆறு அங்குலத்துக்கு மேல் போகக்கூடாது, வாசல்தோறும் உடையாமல் ஒரே மட்டத்தில் ஓட வேண்டும், வடிகால் மூடி ஒன்றுகூட ஓர் இரவுக்கு மேல் திறந்து கிடக்கக்கூடாது என்று மட்டும் கேட்டிருக்கிறோம். மனுவின் பக்கத்தில் ஓர் அளவு நாடாவும் இருக்கும். கையெழுத்திடுகிறவர்கள் நாளைக்குள் தத்தம் வாசலில் நடைபாதையின் உயரத்தை அளந்து, பெயருக்கு எதிரே அங்குலத்தை எழுதித் தர வேண்டும். முதல் கையெழுத்து பெரியப்பாவுடையது. எங்கள் வாசல் 16 அங்குலம்.

பொறியாளர் அவர்களுக்கு இறுதியாக ஒரு செய்தி. இந்த மன்றத்து வாசலை நான் வந்தவுடனேயே அளந்துவிட்டேன், 17 அங்குலம். தாங்கள் ஏறும்போது அம்மையார் கை கொடுத்ததைப் பார்த்தேன். இறங்கும்போது நான் நிற்கிறேன்.