பின் வரிசைக்குக் கேட்கவில்லை

(காரைக்குடியில் ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியது)

பெரியவர்களுக்கும் ஆச்சிமார்களுக்கும் வணக்கம். மேடைக்கு மைக் கட்டித்தான் எனக்குப் பழக்கம். அதன் முன்னால் நின்று பேசுவது இதுதான் முதல் தடவை. கோயில் திருவிழா, மஞ்சுவிரட்டு, பட்டிமன்றம் என்று முப்பது வருஷத்துக்கு மேலாக இந்தச் சுற்றுவட்டாரத்தில் குழாய் ஸ்பீக்கர் கட்டியிருக்கிறேன். எலெக்ட்ரிக் கிட்டாரைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். எனக்கு ராகம் தெரியாது, கம்பி சுற்றுகிற காயில் தெரியும். அந்தத் தைரியத்தில் வந்துவிட்டேன்.

கானாடுகாத்தானில் ஒரு சாந்திக் கல்யாணம், அதாவது அறுபதாம் கல்யாணம். வீட்டு வளவில், முற்றத்தில், வீணைக் கச்சேரி. முன்னால் நாலு பேர் தலையாட்டுகிறார்கள், இரண்டாங்கட்டில் பந்தி நடக்கிறது. பின்னாலிருந்த ஒரு ஐயா என்னைக் கூப்பிட்டு, "தம்பி, வாசிக்கிறாங்களா, இன்னும் சுருதிதான் சேர்க்கிறாங்களா?" என்றார். நான் ஓடிப்போய் வால்யூமை ஏற்றினேன். மைக் 'கூ'வென்று ஊளையிட்டது. வீணை வாசித்த அம்மா என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை.

வீணைக்குப் பேர்போன ஊர் இது. காரைக்குடி சகோதரர்களில் அண்ணன் சுப்பராம ஐயர் வீணையை நிமிர்த்திப் பிடித்து வாசிப்பார். தம்பி சாம்பசிவ ஐயருக்கு 1952-இல் சங்கீத கலாநிதி விருது கிடைத்தது. அவ்வளவு பெரிய வித்தை, ஆனால் வாத்தியத்தின் குரல் சின்னது. கிட்டாருக்கும் அதே குறைதான்.

1920-களில் அமெரிக்க நடன மண்டபங்களில் டிரம்பெட்டும் டிரம்ஸும் முழங்க, கிட்டார்காரர் ஓரத்தில் உட்கார்ந்து வாசிப்பார். அவர் கை அசைவது தெரியும், சத்தம் வராது. ஹவாய் பாணியில் கிட்டார் வாசித்த ஜார்ஜ் பீச்சம் என்பவருக்கு அது பொறுக்கவில்லை. 1931-இல் லாஸ் ஏஞ்சல்ஸில் அவரும் கூட்டாளிகளும் மின்சாரத்தால் சத்தம் கூட்டும் ஒரு கிட்டார் செய்தார்கள். வட்டமான உடம்பு, நீளமான கழுத்து. பார்த்தால் கைப்பிடி வைத்த தோசைக்கல் மாதிரி இருக்கும், அங்கேயும் அதை வறுவல் சட்டி என்றுதான் கூப்பிட்டார்கள். அடால்ஃப் ரிக்கன்பேக்கரோடு சேர்ந்து 1932-இல் அதை அலுமினியத்தில் வார்த்து விற்றார்கள். 1934-இல் காப்புரிமைக்கு மனுப் போட்டு, கையில் கிடைத்தது 1937-இல். அதற்குள் மற்றவர்களும் செய்ய ஆரம்பித்துவிட்டார்கள். மனுப் போட்டுக் காத்திருந்த அனுபவம் உள்ளவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அந்தச் சத்தம் பிறக்கிற இடம் பிக்கப், தந்திக்குக் கீழே இருக்கும். இதோ, மேசைமேல் பழையது ஒன்று வைத்திருக்கிறேன். பிரித்துப் பார்த்தால் உள்ளே காந்தமும், அதைச் சுற்றித் தலைமுடி மாதிரித் தாமிரக் கம்பியும்தான். ஆயிரக்கணக்கான சுற்று. மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவர்கள் இங்கே இருந்தால் எவ்வளவு பொறுமை வேண்டும் என்று தெரியும். கொஞ்சம் இழுத்தால் அறுந்து போகும். மேலே எஃகுத் தந்தி அதிர்ந்தால் காந்தப்புலம் அசைகிறது, கம்பியில் துளி மின்சாரம் பிறக்கிறது. அதை ஆம்ப், அதாவது ஆம்ப்ளிஃபயர், பெரிதாக்குகிறது. இது மைக் இல்லை, காற்றைக் கேட்காது, தந்தியின் அசைவை மட்டும் பிடிக்கும். நைலான் தந்தி கட்டினால் ஊமை.

சத்தம் வந்ததும் கிட்டார்காரர் ஓரத்திலிருந்து நடுவுக்கு வந்துவிட்டார். 1939-இல் பென்னி குட்மனின் ஜாஸ் குழுவில் சேர்ந்த சார்லி கிறிஸ்டியன், ஊதுகிற வாத்தியங்களுக்குச் சமமாகத் தனியாவர்த்தனம் வாசித்தார். மூன்றே வருஷம்தான், 1942-இல் காசநோயில் போய்விட்டார். வயது 25.

ஆனால் அவர் வாசித்தது உள்ளே வெற்றிடம் உள்ள பெட்டிக் கிட்டார். சத்தத்தைக் கூட்டினால் பெட்டியும் சேர்ந்து அதிரும், ஊளையிடும். என் கானாடுகாத்தான் கதைதான்! லெஸ் பால் என்ற கிட்டார்காரர் பெட்டியே வேண்டாம் என்று ஒரு பைன் கட்டையில் பிக்கப்பையும் தந்தியையும் பொருத்தினார். ஊளை நின்றது. ஆனால் கட்டையைக் கையில் வைத்திருப்பவரை யார் கிட்டார்காரர் என்பார்கள்? அதனால் ஒரு கிட்டாரை இரண்டாக அறுத்து, இரு பக்கமும் அழகுக்கு ஒட்டிக்கொண்டார். அவர் பேரில் கிப்சன் கம்பெனி கிட்டார் கொண்டுவந்ததும், நம்ம சாம்பசிவ ஐயருக்கு விருது கிடைத்த அதே 1952-இல்தான்.

எனக்கு மிகவும் பிடித்தவர் லியோ ஃபெண்டர். காரணம் சொந்த விஷயம்தான், அவரும் மைக் செட்காரர். கலிஃபோர்னியாவில் கணக்கெழுதிக்கொண்டிருந்தவர், வேலை போனதும் 1938-இல் 600 டாலர் கடன் வாங்கி ஃபுல்லர்ட்டன் என்ற ஊரில் ரேடியோ ரிப்பேர் கடை போட்டார். கணக்கப்பிள்ளை கடன் வாங்கித் தொழில் தொடங்கிய கதை இந்த ஊருக்குப் புதிதா என்ன! ரேடியோ பார்ப்பார், ஆம்ப் செய்வார், வாடகைக்கு மைக் செட் விடுவார். கடைசி வரை அவருக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது. வாசிப்பவர்கள் கடைக்கு வந்து குறை சொல்வார்கள், இவர் கேட்டுக்கொண்டு மாற்றுவார். அவருடைய கிட்டாரில் கழுத்து திருகாணியில் நிற்கும். பழுதானால் கழற்றி வேறு மாட்டலாம். ரிப்பேர்காரன் மூளை அது. 1951-இல் டெலிகாஸ்டர், 1954-இல் ஸ்ட்ராட்டோகாஸ்டர் என்ற கிட்டார்கள் வந்தன. அந்த வடிவத்தை இன்றும் யாரும் பெரிதாக மாற்றவில்லை.

அப்புறம் நடந்ததுதான் எனக்கு ஆச்சரியம். நாங்கள் எதைக் குறை என்று சரிசெய்கிறோமோ, அதையே வாசிப்பவர்கள் கேட்டு வாங்கினார்கள். என் ஸ்பீக்கர் கோன் கிழிந்து கரகரவென்றால் வாடகையில் பாதி போய்விடும். ஒரு விழாக் கமிட்டி முழு வாடகையையும் நிறுத்திவைத்த கதையும் உண்டு. லிங்க் ரே என்ற அமெரிக்கக் கிட்டார்காரர் 1958-இல் ஸ்பீக்கரை பென்சிலால் குத்தி ஓட்டை போட்டு அந்தக் கரகரப்பை வரவழைத்தார். வார்த்தையே இல்லாத அந்த இசைத்தட்டைச் சில வானொலிகள் தடை செய்தன! ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் 1969-இல் உட்ஸ்டாக் இசைவிழா மேடையில் அமெரிக்க தேசிய கீதம் வாசித்தபோது ஊளையையே சுரமாக்கினார். இவர்களுக்கெல்லாம் முன்பே சிஸ்டர் ரொசெட்டா தார்ப் தேவாலயப் பாட்டை எலெக்ட்ரிக் கிட்டாரோடு பாடினார். 1964-இல் மான்செஸ்டரில் ஒரு பழைய ரயில் நிலையத்தில், மழை ஈரத்தில், கோட்டுப் போட்டுக்கொண்டு வாசித்த படம் இருக்கிறது, பாருங்கள். அந்த அம்மாவுக்கு ராக் இசையின் மரியாதைப் பட்டியலில் 2018-இல்தான் இடம் கிடைத்தது. ரொம்ப லேட்.

நம் பக்கத்துக்கு இதெல்லாம் சினிமாப் பாட்டில்தான் வந்தது என்று நினைப்போம். மாண்டலின் ஸ்ரீநிவாஸ் கையில் இருந்ததும் பிக்கப் வைத்த எலெக்ட்ரிக் வாத்தியம்தான். ஜோடி ஜோடியாக எட்டுத் தந்தி இருந்ததை ஒற்றைத் தந்தி ஐந்தாக்கி, கமகத்துக்கு வளைத்தார். கிட்டார் பிரசன்னா எலெக்ட்ரிக் கிட்டாரிலேயே கீர்த்தனை வாசிக்கிறார். வீணையிலும் இப்போது சின்னதாக ஒரு காண்டாக்ட் மைக் ஒட்டிக்கொள்கிறார்கள். அது வீணை நாதம்தானா என்று சண்டை உண்டு. என்னைக் கேட்டால், வால்யூமைக் குறைவாக வைத்தால் நாதம்தான்.

சரி, பேச்சு போதும். பேரன் கிட்டாரோடு வந்து காத்திருக்கிறான், பிளக்கை மாட்டப் போகிறேன். ஸ்பீக்கருக்கு நேரே உட்கார்ந்திருக்கிற ஆச்சி மட்டும் கொஞ்சம் தள்ளி உட்காருங்கள். கடைசி வரிசை ஐயா, கேட்கிறதா?