மூத்திரம் காய்ச்சியவனுக்கு வக்காலத்து

நடுவர் அவர்களே, இரண்டு அணித் தோழர்களே, கடைசி வரிசையில் கண் அசர ஆரம்பித்திருக்கும் பெரியவர்களே, வணக்கம். பத்து நிமிடம்தான் கொடுத்திருக்கிறார்கள், அதனால் வணக்கம் அவ்வளவுதான்.

'ரசவாதிகள் வேதியியலுக்கு வழி காட்டினார்களா, வழி மறித்தார்களா?' காட்டினார்கள் என்று பேச வந்திருக்கிறேன். பாதரசம், கந்தகம், உப்பு என்று வரிசையாகக் குறிப்பெல்லாம் எடுத்து வைத்திருந்தேன். எதிரணி அண்ணன் அத்தனையையும் கெடுத்துவிட்டார். "குண்டுமணித் தங்கம்கூடச் செய்யத் தெரியாமல், பெண்டாட்டி நகையை விற்று மூத்திரம் காய்ச்சியவனுக்கெல்லாம் இங்கே ஒருத்தர் வக்காலத்து வாங்க வருகிறார்" என்றாரே! நீங்கள் கை தட்டினீர்கள். நானும் தட்டினேன். நல்ல வசனம்.

ஆனால் அண்ணே, அந்த ஆளுக்குப் பேர் இருக்கிறது. ஹென்னிங் பிராண்ட். ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரம், 1669. நகை என்பதும் தவறு, சீதனப் பணம். முதல் மனைவியின் சீதனத்தில் உலை வைத்தார். அவர் இறந்ததும் வசதியான ஒரு விதவையைக் கட்டினார். மார்கரெத்தா என்று பெயர். அந்தப் பணமும் அதே உலைக்குள் போனது.

தங்கம் மஞ்சள், சிறுநீரும் மஞ்சள். ஆகவே இதற்குள் அது இருக்கும்! இதுதான் அவருடைய கணக்கு. சிரிக்காதீர்கள், நம்மூரில் இதைவிட மோசமான கணக்குக்கெல்லாம் சீட்டுப் பணம் கட்டியவர்கள் இருக்கிறோம்.

சரி, மார்கரெத்தாவின் வீட்டை யோசித்துப் பாருங்கள். பீப்பாய் பீப்பாயாக வருகிறது. வந்ததை உடனே காய்ச்சக் கூடாதாம். நாற்றம் எடுக்கும்வரை நாள்கணக்கில் ஊற வேண்டுமாம். பக்கத்து வீட்டுக்காரி மூக்கைப் பொத்திக்கொண்டு "உங்க வீட்டுக்காரர் என்ன தொழில் பண்றார்?" என்று கேட்டால் அந்த அம்மா என்ன சொல்லும்? "தங்கம் பண்றார்" என்றா சொல்லும்?

பின்னால் சிரிப்புக் கேட்கவில்லை, இன்னொரு தடவை சொல்கிறேன். ஊற வைத்தார், நாறியது. காய்ச்சினார், பாகு ஆனது. இன்னும் காய்ச்சினார், கறுப்பாக ஒன்றும் அடியில் உப்பாக ஒன்றும் நின்றது. உப்பைக் கொட்டிவிட்டார். இதில் வேடிக்கை என்ன தெரியுமா? அவருக்குக் கிடைக்கவேண்டிய சரக்கில் பெரும்பங்கு அந்த உப்பில்தான் இருந்தது! ஊற வைத்ததும் வீண்வேலை, புதிதாகக் காய்ச்சியிருந்தாலும் வந்திருக்கும். அந்த வீடு நாறியதெல்லாம் தண்டம். மார்கரெத்தாவிடம் இதை யாரும் சொல்லிவிடாதீர்கள்.

மிஞ்சிய கறுப்பைப் பதினாறு மணி நேரம் கடும் அனலில் வைத்து, வந்த ஆவியைத் தண்ணீருக்குள் விட்டார். மெழுகு மாதிரி வெள்ளையாக ஒன்று தங்கியது. விளக்கை அணைத்தால் அது தானாக ஒளிர்ந்தது. பாஸ்பரஸ்! கிரேக்கத்தில் ஒளியைச் சுமந்து வருவது என்று பொருள், விடிவெள்ளிக்கும் அவர்கள் வைத்த பெயர் அதேதான்.

வெள்ளி என்றதும் ஞாபகம் வருகிறது, குறியீட்டைப் பற்றிச் சொல்லாமல் போனால் என் அணித்தலைவர் கோபிப்பார். ஏழு உலோகத்துக்கும் ஏழு கிரகத்தின் குறியைப் போட்டவர்கள் ரசவாதிகள். ஞாயிறு தங்கம், திங்கள் வெள்ளி, செவ்வாய் இரும்பு, சனி ஈயம். வெள்ளிக் கிரகத்துக்கு வெள்ளி இல்லை, செம்பு! உயிரியல் புத்தகத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் போடுகிறோமே, அம்பு வைத்த வட்டமும் சிலுவை வைத்த வட்டமும்? அவை இரும்புக்கும் செம்புக்கும் இவர்கள் போட்ட குறிகள். வீட்டில் யார் இரும்பு, யார் செம்பு என்பதை நீங்களே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்.

அண்ணன் கேள்விக்கு வருகிறேன். காய்ச்சி என்ன கண்டான்? கிராஃப்ட் என்கிற வியாபாரி பிராண்டிடம் அதை விலைக்கு வாங்கி அரசவை அரசவையாக வேடிக்கை காட்டினார். 1677-இல் லண்டனில் ராபர்ட் பாயில் பார்த்தார். எதிலிருந்து வந்தது என்று கேட்டால், மனித உடம்பு சம்பந்தப்பட்டது என்று மட்டும் துப்புக் கொடுத்தார்கள். அதைப் பிடித்துக்கொண்டு 1680-இல் பாயிலும் செய்துவிட்டார். அண்ணே, பாயிலும் அதைத்தான் காய்ச்சினார்! அவரை விஞ்ஞானி என்கிறீர்கள், இவரை மட்டும் ஏன் பைத்தியக்காரன் என்கிறீர்கள்?

1772-இல் பாரிஸில் லவாய்சியே என்கிற வேதியியலார் கந்தகத்தையும் பாஸ்பரஸையும் எரித்தார். எரியும் பொருளிலிருந்து ஏதோ வெளியேறுகிறது என்று ஊரே நம்பிய காலம். ஆனால் எரிந்தபின் எடை கூடியிருந்தது. காற்றிலிருந்து ஏதோ உள்ளே போயிருக்கிறது! எழுதி, உறையிட்டு முத்திரை வைத்து அங்கிருந்த அறிவியல் அகாடமியில் கொடுத்தார். நீங்கள் கொண்டாடும் நவீன வேதியியல், ரசவாதியின் அந்த இரண்டு சரக்கையும் எரித்துத்தான் தொடங்கியது.

மணி அடித்துவிட்டீர்கள் நடுவரே, ஒரே ஒரு நிமிடம்.

நான் சாத்தூர்ப் பக்கத்துக்காரன். என் அம்மா தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்த்தவர். பகலெல்லாம் அங்கே குச்சி அடுக்கிவிட்டு ராத்திரி வீட்டில் பெட்டி ஒட்டுவார். பெட்டியின் பக்கத்தில் குச்சியை உரசுகிறோமே, அந்த மருந்தில் இருப்பது சிவப்பு பாஸ்பரஸ். பிராண்டின் சரக்குக்கு உடன்பிறப்பு. அதன் பெயர் தெரியாமலே என் அம்மா அதில் கஞ்சி குடித்து எங்களை வளர்த்தார்.

நான் கல்லூரியில் வேதியியல் சேர, கழுத்துச் சங்கிலியை அடகு வைத்தார். முதல் வருட விடுமுறையில் வந்தபோது மின்சாரம் இல்லை. பெருமையாக இந்தக் கதையை அம்மாவிடம் சொன்னேன். பீப்பாய், நாற்றம், இருட்டில் வந்த ஒளி, எல்லாவற்றையும். பசை தடவியபடியே கேட்டார். சிரித்தார். அப்புறம் கையை நிறுத்தாமலே கேட்டார்: "ஏம்ப்பா, அந்தப் பொம்பள குடுத்த காசு திரும்பி வந்துச்சா?"

அந்த அடகுச் சீட்டு இன்னும் எங்கள் தகரப்பெட்டியில் இருக்கிறது நடுவர் அவர்களே. நன்றி, வணக்கம்.