காலையில் என்ன சாப்பிட்டீங்க?

நேயர்களுக்கு வணக்கம். நான் ஸ்பெஷலிஸ்ட் இல்லை. காய்ச்சல், இருமல், சர்க்கரை, பிரஷர் என்று எது வந்தாலும் பார்க்கிறவன். குடும்ப டாக்டர் என்பார்களே, அது. சென்னையில் கண்ணகி நகர் பக்கம் என் கிளினிக். இளம் டாக்டர்கள் சிலர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து தொழில் பழகுகிறார்கள்.

ஒரு நாள் காலை ஓர் அம்மா வந்தார். அறுபது வயதிருக்கும், வீட்டு வேலைக்குப் போகிறவர். தலை சுற்றுகிறது, கை நடுங்குகிறது என்று பஸ்ஸிலிருந்து பாதியில் இறங்கி வந்திருந்தார். இளம் டாக்டர் பிரஷர் பார்த்தார், காதைப் பார்த்தார், தலைசுற்றலுக்கு மாத்திரை எழுதப் பேனாவையும் எடுத்துவிட்டார். நான் குறுக்கே புகுந்தேன்.

"காலையில என்ன சாப்பிட்டீங்கம்மா?"

"டீதான் சார். சாப்பாடு பதினோரு மணிக்கு, வேலை செய்யுற வீட்ல."

"சர்க்கரை மாத்திரை?"

"அது ஆறு மணிக்கே போட்டுருவேன். சாப்பாட்டுக்கு முன்னாடின்னு சொன்னாங்களே!"

விரலில் குத்திப் பார்த்தால் ரத்தத்தில் சர்க்கரை 58தான், ரொம்பக் குறைவு. சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தோம், கால் மணி நேரத்தில் முகம் தெளிந்தது. கிளிமிபிரைடு போன்ற சர்க்கரை மாத்திரையைப் போட்டுவிட்டு வெறும் வயிற்றோடு இருந்தால் இப்படித்தான் ஆகும். இது அந்த இளம் டாக்டருக்கும் தெரியும், பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருப்பார். தெரியாதது அந்த அம்மாவின் காலைப் பொழுது. முன்பு கூவம் ஓரத்துக் குடிசையிலிருந்து வேலைக்கு நடந்தே போனவர். குடிசையை எடுத்துவிட்டு இங்கே வீடு கொடுத்தார்கள். வீடு வந்தது, வேலை கூடவே வரவில்லை. விடிந்தும் விடியாமல் பஸ் பிடிக்கிறவருக்கு இட்லி ஊற்ற ஏது நேரம்? 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. பெரிய விஷயம்தான். ஆனால் எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறார் என்பதை யாராவது உட்கார்ந்து கேட்டால்தான் தெரியும். மாத்திரையைப் பதினோரு மணிக்கு, சாப்பிட உட்காரும்போது போடச் சொன்னேன். சுருக்குப் பையில் முடிந்துகொண்டு போனார்.

நோயாளியின் வீட்டைக் கணக்கில் எடுப்பது நம் ஊருக்குப் புதிதில்லை. 1956இல் சேத்துப்பட்டில் காசநோய் ஆராய்ச்சி மையம் தொடங்கியது. அந்தக் காலத்தில் டி.பி. என்றால் சானடோரியம்தான்: படுக்கை, ஓய்வு, முட்டை, பால். இங்கே ஒரு பகுதி நோயாளிகளை சானடோரியத்தில் வைத்தார்கள். மற்றவர்களுக்கு, நெருக்கடியான வீடும் அரை வயிற்றுச் சாப்பாடுமாக இருந்தபோதும், வீட்டிலேயே மருந்து கொடுத்தார்கள். இரண்டு பக்கமும் ஏறத்தாழ ஒரே மாதிரி குணமானது. 1959இல் முடிவு வெளியானபோது உலகமே திரும்பிப் பார்த்தது. மருந்து மட்டும் அதைச் சாதிக்கவில்லை. வீடு வீடாகப் போய், மருந்து ஒழுங்காக உள்ளே போகிறதா என்று பார்த்தவர்கள் இருந்தார்கள்.

இப்போது எம்.பி.பி.எஸ். மாணவர்கள் முதல் வருஷத்திலேயே சில குடும்பங்களைத் தத்தெடுத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று பாடத்திட்டமே சொல்கிறது. சரி, நல்ல யோசனை. ரெக்கார்டு நோட்டை நிரப்புவதோடு முடிந்துவிடுமோ என்ற பயம் எனக்கு உண்டு.

அந்த இளம் டாக்டர் போன வாரம் ஓர் ஆட்டோக்காரரிடம், "அண்ணே, வண்டி எத்தனை மணிக்கு எடுப்பீங்க? அப்புறம் எங்க சாப்பிடுவீங்க?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். அவரும் விலாவாரியாகச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். வெளியே நாற்பது பேர் காத்திருந்தார்கள். நான் வாயைத் திறக்கவில்லை.

வணக்கம்.