ராஜேஷ் கன்னா: ஏறிய வழியும் இறங்கிய வழியும்

வானொலி நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

இந்தித் திரையுலகின் முதல் சூப்பர் ஸ்டார் என்று போற்றப்படுபவர் ராஜேஷ் கன்னா. 1969ஆம் ஆண்டிலிருந்து மூன்று, நான்கு ஆண்டுகள் அவர் நின்ற உயரத்தையும், 1976க்குப் பின் அடுத்தடுத்து அவர் கண்ட தோல்விகளையும் பேச வருவோர், பெரும்பாலும் இரண்டே காரணங்களைச் சொல்லி முடித்துவிடுகின்றனர். புகழ் அவர் தலைக்கேறிவிட்டது என்பது ஒன்று. அமிதாப் பச்சன் வந்து அவரை வீழ்த்திவிட்டார் என்பது மற்றொன்று. இரண்டிலும் ஓரளவு உண்மை உண்டு. ஆயினும் அவருடைய படங்களை ஆண்டு வரிசைப்படி எடுத்துப் பார்த்தால், பலருடைய உழைப்பு ஓரிடத்தில் கூடியபோது அவர் ஏறினார் என்பதும், அவர்கள் ஒவ்வொருவராகப் பிரிந்தபோது இறங்கினார் என்பதும் விளங்கும்.

தொடக்கமே அப்படித்தான் அமைந்தது. பம்பாயின் முன்னணித் தயாரிப்பாளர்கள் பலர் ஒன்றுசேர்ந்து, ஃபிலிம்ஃபேர் இதழுடன் இணைந்து, 1965இல் புதுமுகங்களுக்கான திறமைப் போட்டி ஒன்றை நடத்தினர். அதில் வென்றவர்களுள் ஒருவர் ஜதின் கன்னா என்னும் இளைஞர். ராஜேஷ் கன்னா என்ற பெயருடன் 1966இல் 'ஆக்ரி கத்' படத்தில் அறிமுகமான அவருக்கு முதல் மூன்று ஆண்டுகளில் பெரும்புகழ் ஏதும் கிட்டவில்லை. எனினும் அந்தத் தயாரிப்பாளர்களின் ஆதரவு அவருக்கு இருந்தது. அவர்களுள் ஒருவரான சக்தி சாமந்தா 1969இல் இயக்கிய 'ஆராதனா' அவரை ஒரே படத்தில் நாடறிந்த நடிகராக்கியது.

'ஆராதனா'வைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். கதைப்படி அது நாயகியின் படம். காதலனை இழந்து, அவனுடைய குழந்தையைப் பெற்று, ஊரறியாமல் தன் மகனைப் பார்த்துக்கொண்டு வாழும் பெண்ணாக நடித்த ஷர்மிளா தாகூர் அதற்காக ஃபிலிம்ஃபேர் விருதும் பெற்றார். தந்தையாகவும் மகனாகவும் வந்த ராஜேஷ் கன்னாவோ இளைஞர்களின் நெஞ்சில் குடியேறினார். எஸ்.டி. பர்மனின் இசையில் கிஷோர் குமார் பாடிய பாடல்களே அதற்குப் பெருங்காரணம். மலை ரயிலில் நாயகி செல்ல, பக்கத்துச் சாலையில் நாயகன் ஜீப்பில் பாடிக்கொண்டு வரும் காட்சி இன்றும் பலருக்கு நினைவிருக்கும். ஷர்மிளா அப்போது சத்யஜித் ராயின் படம் ஒன்றில் நடித்துக்கொண்டிருந்ததால், அவருடைய பகுதிகளைப் பின்னர் ஸ்டுடியோவில் தனியாகப் படமாக்கிச் சேர்த்தார்கள். எதிரே ஆளில்லாமலேயே ராஜேஷ் கன்னா தலையைச் சாய்த்துக் கண்ணைச் சிமிட்டிய அந்தச் சிமிட்டலில்தான் நாடு மயங்கியது. கிஷோரின் குரலும் அந்த முகமும் ஒரே ஆளுடையவை என்று நம்பும் அளவுக்கு இரண்டும் பொருந்திப் போயின. கிஷோரின் வாழ்விலும் அது ஒரு திருப்பமாக அமைந்தது. அவர் பெற்ற முதல் ஃபிலிம்ஃபேர் விருது அந்தப் படத்தின் பாடலுக்குத்தான்.

அதன்பின் தொடர்ச்சியாகப் பதினைந்து வெற்றிப் படங்கள் என்று ஒரு கணக்கு சொல்லப்படுகிறது. எந்தப் படத்தைச் சேர்ப்பது, எதை விடுவது என்பதில் கருத்து வேறுபாடு இருக்கலாம். அந்த வேகத்தை யாரும் மறுப்பதில்லை. ரசிகைகள் இரத்தத்தால் கடிதம் எழுதிய கதைகளைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, அந்த ஆண்டுகளில் அவருக்குக் கிடைத்த இயக்குநர்களின் வரிசை. 1971இல் ஹிரிஷிகேஷ் முகர்ஜியின் 'ஆனந்த்', 1972இல் சக்தி சாமந்தாவின் 'அமர் பிரேம்' ஆகிய இரண்டிலும் அவர் வழக்கமான காதல் நாயகன் அல்லர். ஒன்றில் சாவை எதிர்நோக்கிச் சிரிக்கும் நோயாளி. மற்றதில் தனிமையில் உழலும் கல்கத்தாக் கனவான். ஆர்.டி. பர்மன் 'அமர் பிரேம்' படத்துக்குத் தந்த இசையைக் கழித்துவிட்டு அந்தப் பாத்திரத்தை நினைத்துப் பார்க்க என்னால் முடிவதில்லை.

இந்த உயரத்தில் நம் தமிழகத்துக்கும் ஒரு பங்கு உண்டு. கோவைக்காரரான சாண்டோ சின்னப்பா தேவர், யானையை வைத்து ஓர் இந்திப் படம் எடுக்க முன்வந்து ராஜேஷ் கன்னாவை ஒப்பந்தம் செய்தார். கதையில் கன்னாவுக்கு நிறைவில்லை. அதைச் சீர்செய்து தரும்படி, அப்போது அதிகம் அறியப்படாத இரண்டு எழுத்தாளர்களை அவர் அணுகினார். அவர்களே சலீம் கான், ஜாவேத் அக்தர். 1971இல் வெளிவந்த 'ஹாத்தி மேரே சாத்தி' அவ்வாண்டின் மிகப் பெரிய வெற்றிகளுள் ஒன்றாயிற்று. அடுத்த ஆண்டே தேவர் அதை எம்.ஜி.ஆரை வைத்து 'நல்ல நேரம்' என்று தமிழில் தந்தார். சலீம்-ஜாவேத் இருவரோ 1973இல் 'ஜஞ்சீர்', 1975இல் 'தீவார்', 'ஷோலே' என எழுதி, அமிதாப் பச்சனைக் கோபக்கார இளைஞனாக நிலைநிறுத்தினர். ராஜேஷ் கன்னா தேடிச் சென்று வாய்ப்பளித்த கைகளே அவருடைய காலத்தை முடித்துவைத்த கதைகளை எழுதின.

ஆனால் 1973இல் 'ஜஞ்சீர்' வந்தது, மறுநாளே கன்னா சரிந்தார் என்பது தவறான கணக்கு. 1974இல் 'ஆப் கி கசம்', 'ரோட்டி' ஆகியவை நன்றாகவே ஓடின. நம்மவர்கள் 'வசந்த மாளிகை'யாகப் பார்த்த கதையும் அதே ஆண்டில் அவர் நடிப்பில் 'பிரேம் நகர்' என்று இந்தியில் வந்து வரவேற்புப் பெற்றது. சரிவு மெல்ல வந்தது. பல வெற்றிப் படங்களில் அவருக்கு இணையாக நடித்த மும்தாஜ் 1974இல் திருமணம் செய்துகொண்டு திரையுலகிலிருந்து விலகினார். எஸ்.டி. பர்மன் 1975இல் காலமானார். கிஷோர் குமாரின் குரல் அமிதாப்புக்கும் உரியதாயிற்று. விலைவாசி உயர்வு, ரயில்வே வேலைநிறுத்தம், நெருக்கடி நிலை என்று நாடு கொந்தளித்த ஆண்டுகளில், மென்மையான காதலனைவிட எதிர்த்து நிற்பவனையே மக்கள் தேடினார்கள். சக்தி சாமந்தா இயக்கி, ஆர்.டி. பர்மன் இசையமைத்த 'மெஹ்பூபா'வே 1976இல் எதிர்பார்த்தபடி ஓடவில்லை. படப்பிடிப்புக்குத் தாமதமாக வருவார், துதிபாடிகள் சூழ இருப்பார் என்ற குறைகளை அவருடன் பணியாற்றியவர்களே சொல்லியிருக்கிறார்கள். அவற்றை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் வெற்றி பெற்ற காலத்திலும் அந்தக் குறைகள் இருக்கத்தான் செய்தன.

எனக்கு உண்மையாகவே வருத்தம் தருவது வேறொன்று. அவருடைய மிகச் சிறந்த நடிப்புகளுள் ஒன்று கூட்டம் குறையத் தொடங்கிய வேளையில்தான் வந்தது. 1974இல் பாசு பட்டாச்சார்யா இயக்கிய 'ஆவிஷ்கார்' படத்தில், காதலித்து மணந்தபின் ஒருவரையொருவர் சகித்துக்கொள்ள முடியாமல் போன தம்பதியராக அவரும் ஷர்மிளாவும் நடித்தார்கள். ரசிகர்கள் கொண்டாடிய தலைச்சாய்ப்போ, கையசைப்போ அதில் இல்லை. ஃபிலிம்ஃபேர் விருது கிடைத்தது, பெருங்கூட்டம் வரவில்லை. 1980இல் பாரதிராஜா தம் 'சிகப்பு ரோஜாக்கள்' படத்தை 'ரெட் ரோஸ்' என்று இந்தியில் எடுத்தபோது, பெண்களைக் கொல்லும் மனநோயாளியாக நடிக்கவும் அவர் தயங்கவில்லை. அதுவும் பெரிய வெற்றி பெறவில்லை.

1983இல் அவர் மீண்டும் எழுந்தது வயதை ஒப்புக்கொண்டதால்தான். மோகன் குமாரின் 'அவதார்' படத்தில், பிள்ளைகளால் கைவிடப்பட்டு, செயலிழந்த கையோடு மறுபடி உழைத்து முன்னேறும் தந்தையாக அவர் நடித்தார். அதே கதையில் நடிகர் திலகம் அடுத்த ஆண்டு 'வாழ்க்கை' என்ற தமிழ்ப் படத்தில் நடித்தார். 'அவதார்' தந்த வெற்றியும் நெடுங்காலம் நீடிக்கவில்லை. 1991இல் புதுதில்லி மக்களவைத் தொகுதியில் காங்கிரஸ் வேட்பாளராக நின்று, எல்.கே. அத்வானியிடம் 1,589 வாக்குகளில் தோற்று, மறு ஆண்டு இடைத்தேர்தலில் வென்று, 1996 வரை உறுப்பினராக இருந்தார். 2012 ஜூலை 18 அன்று காலமானார். பத்மபூஷண் விருது 2013இல், அவருடைய மறைவுக்குப் பின்னரே வழங்கப்பட்டது.

ராஜேஷ் கன்னாவைப் பாடல் காட்சிகளால் மட்டும் அறிந்திருக்கும் இளைய நேயர்களுக்கு ஒரு வேண்டுகோள். 'ஆனந்த்', 'ஆவிஷ்கார்', 'அவதார்' ஆகிய மூன்று படங்களையும் இதே வரிசையில் பாருங்கள். நடுவிலுள்ள படத்தை மட்டும் தயவுசெய்து தவிர்த்துவிடாதீர்கள். வணக்கம்.