“சாரி சொல்லு” என்றால் சிரிக்கிறான்

வணக்கம். இன்றைக்கு முதல் கேள்வி ஒரு அம்மாவிடமிருந்து. அப்படியே படிக்கிறேன். “மேடம், என் பையனுக்கு நாலு வயசு. தங்கச்சிக்கு ஒன்றரை. நேற்று அவளைத் தள்ளிவிட்டான், வாசற்படியில் மோதி நெற்றி புடைத்துவிட்டது. சாரி சொல்லுடா என்றால் என் முகத்தைப் பார்த்துச் சிரிக்கிறான். ஒரு அடி வைத்தேன், அப்போதும் சிரிப்புதான். ‘இவனுக்குக் கல் நெஞ்சு, ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா’ என்கிறார் மாமியார். எனக்கும் பயமாக இருக்கிறது.”

மாமியாருக்கு முதலில் ஒரு வார்த்தை. பையனுக்கு இன்னும் ஐந்தே ஆகவில்லை.

சரி, அந்தச் சிரிப்புக்கு வருவோம். நமக்கு அது திமிராகத்தான் படும். ஆனால் அவன் நின்ற இடத்தில் நின்று பாருங்கள். தங்கச்சி வீல் என்று கத்துகிறாள். அம்மா முகம் மாறிவிட்டது. பாட்டி அடுப்படியிலிருந்து ஓடி வருகிறார். எல்லாரும் இவனையே பார்க்கிறார்கள். முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று நாலு வயசுக்குத் தெரியாது. துக்க வீட்டில் பெரியவர்களே சில சமயம் சம்பந்தமில்லாமல் சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொள்கிறோமே, பெரும்பாலும் அந்த ரகம்தான் இந்தச் சிரிப்பு. இன்னொரு குழந்தை சிரிக்காது, சட்டைக் காலரை வாயில் வைத்துக் கடிக்கும். இன்னொன்று கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும்.

அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழகத்தில் கோச்சான்ஸ்கா என்ற உளவியலாளர் தப்பு செய்துவிட்டோம் என்ற உறுத்தல் குழந்தைகளிடம் எப்படித் தெரிகிறது என்று சோதித்துப் பார்த்தார். குழந்தை கையில் ஒரு பொருளைக் கொடுத்து, “இது எனக்கு ரொம்பப் பிடித்தது, பத்திரம்” என்பார்கள். தொட்டதும் உடைந்து விழுகிற மாதிரி முன்கூட்டியே செய்து வைத்திருப்பார்கள். உடைந்ததும் ஒரு ‘அடடா’, அவ்வளவுதான். திட்டு கிடையாது. அப்புறம் குழந்தை என்ன செய்கிறது என்று கவனிப்பார்கள். 22, 33, 45 மாத வயசில் அதே குழந்தைகளைப் பார்த்தார்கள். குழந்தைகள் பார்வையைத் திருப்பிக்கொண்டார்கள், நெளிந்தார்கள், தலையைக் குனிந்துகொண்டார்கள். கடைசியில் “உன் தப்பில்லை” என்று சொல்லி, உடையாத பொருளைக் கொண்டுவந்து காட்டிவிடுவார்கள், கவலைப்படாதீர்கள். இப்படி அதிகம் சங்கடப்பட்ட குழந்தைகள்தான் நாலே முக்கால் வயசு வாக்கில், யாரும் பார்க்காதபோதும் விதியைக் குறைவாக மீறினார்கள். 2002ல் வந்த ஆய்வு இது.

ஆக, இரண்டு வயசு ஆகும் முன்பே உறுத்தல் உள்ளே வந்துவிடுகிறது. அதை அடித்து உண்டாக்க வேண்டியதில்லை. இருக்கிறதை நாம் கெடுக்காமல் இருந்தால் போதும்.

எப்படிக் கெடுக்கிறோம்? நீங்கள் கத்தியவுடன் அவன் கண் எங்கே போகிறது? உங்கள் முகத்துக்கு. தங்கச்சி நெற்றிக்குப் போவதில்லை. “அவளுக்கு வலிக்கிறது” என்பது போய், “அம்மாவுக்குக் கோபம்” என்பதே விஷயமாகிவிடுகிறது. அப்போது சாரி என்பது அம்மாவிடமிருந்து தப்பிக்க ஒரு டிக்கெட். நான் பால்வாடியில் இருந்தபோது ஒரு பெண் குழந்தை, நல்ல சுட்டி. பக்கத்துப் பையனிடம் போய் “சாரி” என்று சொல்லிவிட்டு, அப்புறம் கிள்ளினாள். ஏண்டி என்று கேட்டால், “அதான் சாரி சொல்லிட்டேனே டீச்சர்!” கணக்கு சரிதான், அவளுக்கு நாங்கள் சொல்லிக்கொடுத்தது அதுதான்.

அதனால் அடுத்த முறை, முதலில் பையனை விட்டுவிடுங்கள். தங்கச்சியிடம் போங்கள். தூக்குங்கள், நெற்றியைப் பாருங்கள். அவள் அழுகை கொஞ்சம் அடங்கட்டும். அப்புறம் அவனை அருகில் கூப்பிட்டு, தரையில் உட்கார்ந்தபடியே, குரல் உயராமல், “இங்கே பாரு, புடைச்சிருக்கு. தொட்டா வலிக்குது அவளுக்கு. ஈரத்துணி எடுத்துட்டு வர்றியா?” நாலு வயசுப் பையன் ஓடிப்போய்க் கொடியில் தொங்கும் துண்டை இழுத்து, சொட்டச் சொட்ட நனைத்து, வழியெல்லாம் தண்ணீர் சிந்தக் கொண்டுவருவான். தரை நனையட்டும், அதற்கு இப்போது திட்டாதீர்கள். அவன் கையாலேயே நெற்றியில் வைக்கட்டும். அழுத்தி வைத்தால் அவள் சிணுங்குவாள், கையை லேசாக்குவான். அந்த இடத்தில்தான் அவன் கற்றுக்கொள்கிறான்.

“சாரி சொல்லாமல் விட்டுவிடலாமா?” என்பீர்கள். வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் ட்ரெல், ஜஸ்வால் என்ற இருவர் 6, 7 வயசுக் குழந்தைகளைப் பிளாஸ்டிக் கப்புகளால் கோபுரம் கட்டச் சொன்னார்கள். ஒரு பெரியவர் அதைத் தட்டிவிட்டுவிடுவார். சிலரிடம் சாரி சொன்னார், சிலரிடம் சொல்லவில்லை, சிலருக்குத் திரும்பக் கட்ட உதவினார். அவர் சாரி சொன்ன குழந்தைகளுக்கும் சொல்லாத குழந்தைகளுக்கும் மனசு ஒரே மாதிரி கஷ்டமாகத்தான் இருந்தது. திரும்பக் கட்ட உதவியபோதுதான் தேவலை என்றார்கள். அதற்காகச் சாரி வீண் என்று இல்லை. அவர் சாரி சொன்ன குழந்தைகள் அதற்குப் பிறகு அந்த ஆளிடம் தாராளமாக நடந்துகொண்டார்கள். உறவு ஒட்டுவதற்கு வார்த்தை உதவுகிறது, வலி ஆறுவதற்குக் கை வேண்டியிருக்கிறது. நாலு வயசில் கையிலிருந்து ஆரம்பியுங்கள்.

சாரி சொன்னால் சாக்லேட் என்று மட்டும் ஆரம்பித்துவிடாதீர்கள். ஜெர்மனியில் லைப்சிக் நகரத்தில் 2008ல் வெளியிட்ட ஒரு ஆய்வில், தானாகவே உதவிக்கொண்டிருந்த 20 மாதக் குழந்தைகளுக்கு அதற்காகப் பரிசு கொடுத்துப் பழக்கினார்கள். பரிசை நிறுத்தியதும் அந்தக் குழந்தைகள் உதவுவது குறைந்துவிட்டது. வெறுமனே நன்றி கேட்டவர்களும், எதுவுமே கிடைக்காதவர்களும் முன்பு போலவே உதவினார்கள்.

இன்னொரு விஷயம், நம் வீடுகளில் ரொம்ப சகஜம். குழந்தை தடுக்கி விழுந்தால் என்ன செய்கிறோம்? “யாரு அடிச்சா? தரையா? இந்தா!” என்று தரையை நாலு தட்டு தட்டுகிறோம். குழந்தை அழுகையை நிறுத்திவிடும், உண்மைதான். ஆனால் வலித்தால் யாரையாவது திருப்பி அடித்தால் சரியாகிவிடும் என்பதையும் நாமேதான் செய்து காட்டுகிறோம். அப்புறம் தங்கச்சி இவன் வண்டியைப் பிடுங்கும்போது இவன் என்ன செய்வான்? தாத்தா பாட்டியோடு இதற்காகச் சண்டை போட வேண்டாம். நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது “எங்கே அடி பட்டது, காட்டு” என்று மட்டும் கேளுங்கள்.

அதே பாட்டியிடம் நல்ல வழி ஒன்றும் இருக்கிறது. யார் மேலாவது கால் பட்டுவிட்டால் சட்டென்று தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறோமே, அதை எந்தக் குழந்தைக்காவது அடித்துச் சொல்லிக்கொடுத்தோமா? பார்த்துப் பார்த்தே இரண்டு வயசில் செய்ய ஆரம்பித்துவிடுகிறது, புத்தகத்தை மிதித்தால்கூட. கோபமில்லாமல் தினமும் எதிரில் நடந்த ஒரு விஷயம், அதனால் ஒட்டிக்கொண்டது. உங்கள் கை தவறி அவன் தட்டைத் தட்டிவிட்டால், நீங்கள் அவனிடம் சாரி சொல்லுங்கள். ஒரு மாதம் சொல்லிப் பாருங்கள்.

விருந்துக்குப் போன வீட்டில் இப்படி நடந்தால் நமக்கு மானப் பிரச்சினை, தெரியும். அங்கே அவனை நடுக்கூடத்தில் நிறுத்திச் சொல்ல வைக்காதீர்கள். அடிபட்ட குழந்தையிடம் நீங்களே, “அண்ணன் தள்ளினது தப்பு, நான் சாரி சொல்றேன்” என்று சொல்லிவிடுங்கள். அவன் காதில் விழும்.

கடைசியாக ஒன்று. நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் பயப்படும்படி எதுவும் எனக்குத் தெரியவில்லை. ஆனால் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்காமல், கண்ணைப் பார்க்காமல், பேசிக்கொண்டிருந்த வார்த்தைகளும் குறைந்துகொண்டே போனால், அது வேறு சமாச்சாரம். மாவட்ட அரசு மருத்துவமனைகளில் குழந்தைகளின் வளர்ச்சியில் தாமதம் இருந்தால் பார்க்கிற ஆரம்ப நிலை இடையீட்டு மையம் என்று இருக்கும், பணம் கட்ட வேண்டாம், காட்டிவிடுங்கள்.

அடுத்த கேள்வி, யூகேஜி குழந்தை பென்சில் திருடிக்கொண்டு வருகிறதாம். அதைப் பார்ப்போம்.